கழித்து வைத்த சத்தம்

தவளைச் சம்பந்தி: ...இல்ல சம்பந்தி, உக்காரல்லாம் நேரமில்ல. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்.

பாட்டுச் சம்பந்தி: சொல்றது இருக்கட்டும். முதல்ல காலைப் பாருங்க. முழங்கால் வரைக்கும் சேறு. இது பாட்டுக் காப்பகம், டேப் வைக்கிற அறைங்க.

தவளைச் சம்பந்தி: குளத்துலேருந்து நேரா வரேன். கழுவிக்கிட்டு நின்னா மணி ஆயிடும்.

பாட்டுச் சம்பந்தி: கல்யாணத்தன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. மாப்பிள்ளையோட அம்மா எங்கன்னு எங்க வீட்டாளுங்க மண்டபம் பூராத் தேடறாங்க. நீங்க பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு பின்னாடி வாய்க்கா ஓரம் டார்ச் அடிச்சுக்கிட்டு...

தவளைச் சம்பந்தி: அன்னைக்கு அங்க ஒரு சத்தம் கேட்டுது.

பாட்டுச் சம்பந்தி: என் பொண்ணு மிரண்டே போயிட்டா. மாமியார் இப்படியான்னு.

தவளைச் சம்பந்தி: இப்ப அவளே சொந்தமா டார்ச் வாங்கிட்டா.

டேப்காரர்: மேடம், பழைய பேப்பர் விரிச்சுட்டேன். தவளை மேடம் இது மேல நின்னா போதும். ரெண்டு அடி அந்தப் பக்கம் வேணாம், வயர் இருக்கு.

தவளைச் சம்பந்தி: இந்தாங்க, நின்னுட்டேன். போதுமா? இப்பக் கேளுங்க. நாலு மணிக்கு விசாரணை.

பாட்டுச் சம்பந்தி: என்ன விசாரணை?

தவளைச் சம்பந்தி: குளம்தான். நம்ம பல்கலைக்கழக வளாகத்துப் பின்பக்கம், சுவர் ஓரம் இருக்கே. அதை மண்ணு கொட்டி மூடிட்டு மேல கட்டடம் எழுப்பப் போறாங்க.

பாட்டுச் சம்பந்தி: ...என்ன கட்டடமாம்?

தவளைச் சம்பந்தி: ஏதோ... கட்டடம். எனக்கென்ன தெரியும். கட்டடத்துக்கா இங்க பஞ்சம்.

பாட்டுச் சம்பந்தி: ம்.

தவளைச் சம்பந்தி: இடம் ஒதுக்கற நிலக் குழு என்ன சொல்லுதுன்னா, அது குளமே இல்லையாம். இருபது வருஷம் முன்னாடி நூலகம் கட்டறப்ப மண்ணு தோண்டின குழியாம். மழைத் தண்ணி தேங்கிச்சாம், தவளை எங்கேருந்தோ வந்து ஒண்டிக்கிச்சாம். குழின்னா மூடலாம். குளம்னா மூடக் கூடாது. மொத்த வழக்கும் அவ்வளவுதான்.

பாட்டுச் சம்பந்தி: உங்ககிட்டதான் தவளைச் சத்தம் பெட்டி பெட்டியா இருக்குமே.

தவளைச் சம்பந்தி: ஆறு வருஷத்துது இருக்கு. நான் இங்க தவளை ஆராய்ச்சிக்கு வந்தே ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி அங்க என்ன கத்திச்சுன்னு நான் எப்படிச் சொல்ல... இருங்க, மூச்சு வாங்குது. நேத்து சாயங்காலம் உங்க பொண்ணு எனக்குக் காதுல ஒரு பாட்டை மாட்டிவிட்டா. உங்க காப்பகத்துப் பாட்டு. எடுத்ததும் ஒரு ஆம்பளைக் குரல், தேதி சொல்றார், மணி சொல்றார்...

டேப்காரர்: அது எங்க பழைய தலைவர் குரல். ஒவ்வொரு டேப்லயும் முதல்ல அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

தவளைச் சம்பந்தி: அவரேதான். தேதி இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தினது. மணி சாயங்காலம் ஆறேகால். "குளக்கரை, துவைக்கிற கல்." கேட்டதும் கையில இருந்த டம்ளரை விட்டுட்டேன் சம்பந்தி.

பாட்டுச் சம்பந்தி: குளக்கரைன்னுதானே சொல்றார். எந்தக் குளம்னு சொல்லலையே. இந்தச் சுத்துல நாலு குளம் இருந்திருக்கு.

தவளைச் சம்பந்தி: கரெக்ட். குழுவும் அதைத்தான் கேக்கும். அதுக்குத்தான் என் ஆளு இருக்கான். கூழாங்கல் தவளை.

பாட்டுச் சம்பந்தி: யாரு?

தவளைச் சம்பந்தி: கட்டைவிரல் நகம் அளவு இருப்பான். ரெண்டு கூழாங்கல்லைத் தட்டினா எப்படி இருக்கும்... டக், டக், டக். அப்படிக் கத்துவான். மத்த மூணு குளமும் உப்புத் தண்ணி. அதுல அவன் ஒரு நாள் தாங்க மாட்டான். இந்தச் சுத்துல நம்ம குளத்துல மட்டும்தான் இருக்கான். அந்தப் பழைய டேப்ல பின்னாடி அவன் கத்தியிருந்தா, அது நம்ம குளம். குழி தோண்டினதாச் சொல்ற தேதிக்கு எட்டு வருஷம் முன்னாடியே அங்க குளம் இருந்திருக்கு. முடிஞ்சுது கதை.

பாட்டுச் சம்பந்தி: கேட்டீங்களா? நேத்துக் காதுல மாட்டினப்ப?

தவளைச் சம்பந்தி: அது ஃபோன்ல கேட்டது. ஃபோன்ல என்ன தெரியும். அசல்ல இருக்கும். கண்டிப்பா இருக்கும். அந்தக் கரையில சாயங்காலம் ஆறேகாலுக்கு அவன் கத்தாம இருக்கவே மாட்டான்.

பாட்டுச் சம்பந்தி: ...மணி என்ன இப்ப?

டேப்காரர்: ரெண்டே முக்கால், மேடம்.

பாட்டுச் சம்பந்தி: ...சரி. போடுங்க. அந்தத் துவைக்கிற கல்லுப் பாட்டைப் போடுங்க.

டேப்காரர்: ஒரு நிமிஷம்... ம், இதோ. ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏத்தறேன்.

டேப்: "...மாலை ஆறேகால் மணி. குளக்கரை, துவைக்கிற கல்... துவைச்ச துணி காயலையே........ தூங்குன புள்ள எழுந்திடுச்சே........ மிச்சத் துணி யாரு கையில........ மேகம் வேற கூடிடுச்சே........"

தவளைச் சம்பந்தி: இன்னும் ஏத்துங்க.

டேப்காரர்: இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் போயிடும்.

தவளைச் சம்பந்தி: ஒண்ணுமே கேக்கலையே. ஒரு பூச்சி, ஒரு காத்து... என்னங்க இது, கிணத்துக்குள்ள உக்காந்து பாடின மாதிரி இருக்கு.

டேப்காரர்: அது நான் சுத்தம் பண்ணினது, மேடம். பத்து வருஷம் முன்னாடி முந்நூத்திப் பன்னெண்டு டேப்பையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, இரைச்சலையெல்லாம் கழிச்சு எடுத்தேன். ஒரு தூசி இருக்காது. வெளியூர்லேருந்தெல்லாம் பாராட்டிக் கடிதம் வந்துது.

தவளைச் சம்பந்தி: சுத்தம் பண்ணினீங்களா.

டேப்காரர்: ஆமா.

தவளைச் சம்பந்தி: எதைச் சுத்தம் பண்ணினீங்க?

டேப்காரர்: இரைச்சலை.

தவளைச் சம்பந்தி: அதாவது, என் தவளையை.

டேப்காரர்: ...தவளைன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?

தவளைச் சம்பந்தி: ஐயோ, படிச்சவங்கதானே நீங்க ரெண்டு பேரும். குளத்தங்கரையில எடுத்த டேப்பைத் துடைச்சு, வழிச்சு, குளத்தையே எடுத்து வெளிய கொட்டியிருக்கீங்களே.

பாட்டுச் சம்பந்தி: எங்களுக்கு வேண்டியது பாட்டு. பாட்டுக்கு நடுவுல எது வந்தாலும் எங்களுக்கு இரைச்சல்தான். நீங்க மட்டும் என்னவாம்? உங்க பதிவுல யாராவது இருமினா என்ன பண்ணுவீங்க?

தவளைச் சம்பந்தி: வெட்டிடுவேன்.

பாட்டுச் சம்பந்தி: பேசினா?

தவளைச் சம்பந்தி: வெட்டிடுவேன். மனுஷக் குரல் இருந்தா எனக்கு எண்ணிக்கை தப்பிடும். நான் வந்த புதுசுல ஒரு வயசான அம்மா, மூக்கு நுனியில பெருசா ஒரு மச்சம், தினமும் அந்தக் கல்லுல உக்காந்து பாடிக்கிட்டே இருந்தாங்க. என் ஒரு மாசப் பதிவு பாழ். அப்புறம் பக்குவமாச் சொல்லி அனுப்பிட்டேன், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாடுங்கம்மான்னு.

பாட்டுச் சம்பந்தி: மூக்கு நுனியில மச்சம்.

தவளைச் சம்பந்தி: ஆமா.

பாட்டுச் சம்பந்தி: இப்பக் கேட்டோமே, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க அவங்கதான். இந்தப் பாட்டுல நாலு அடிதான் எங்ககிட்ட இருக்கு. மீதியைக் கேட்டு வாங்க ஏழு வருஷம் தெருத் தெருவா விசாரிச்சோம். கடைசியில வீட்டைக் கண்டுபிடிச்சுப் போறப்ப அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்த ஒரு மாசப் பதிவு எங்க?

தவளைச் சம்பந்தி: அழிச்சுட்டேன்.

பாட்டுச் சம்பந்தி: எல்லாத்தையுமா?

தவளைச் சம்பந்தி: எல்லாத்தையும். இடம் அடைக்குதுன்னு.

பாட்டுச் சம்பந்தி: அப்ப என்னைத் திட்டாதீங்க. தண்ணி குடிங்க. முகமெல்லாம் வாடிப் போச்சு.

தவளைச் சம்பந்தி: அசல் டேப் இருக்கும்ல? சுத்தம் பண்ணாத டேப்?

டேப்காரர்: அந்தச் சுவரைப் பாருங்க மேடம். மேலேருந்து கீழ வரைக்கும் பச்சையா இருக்கில்ல? போன மழைக்கு முந்தின மழையில தண்ணி இறங்கிடுச்சு. டேப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடுச்சு. பிரிச்சா தோல் மாதிரி உரியுது.

தவளைச் சம்பந்தி: ஆக, ஒண்ணும் இல்ல.

டேப்காரர்: மேடம்...

பாட்டுச் சம்பந்தி: என்ன?

டேப்காரர்: நான் ஒண்ணு... சொல்லட்டுமா?

பாட்டுச் சம்பந்தி: என்ன சொல்லணும்?

டேப்காரர்: நீங்க சரின்னா சொல்றேன். வேணாம்னா வேணாம்.

தவளைச் சம்பந்தி: என்ன சம்பந்தி, ரெண்டு பேரும் கண்ணாலேயே பேசிக்கிறீங்க?

பாட்டுச் சம்பந்தி: ...சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க.

டேப்காரர்: அரிசி களையறோம்ல. தண்ணியைக் கொட்டறப்ப அதோட அரிசி போயிடுதான்னு கையை வெச்சுப் பாப்போம்ல. அந்த மாதிரி நானும் பாப்பேன். இரைச்சலைக் கழிக்கிறப்ப பாட்டுல ஏதாவது ஒரு எழுத்து அதோட சேந்து போயிடுச்சான்னு. அதுக்காகக் கழிச்ச சத்தத்தைத் தனியாப் பிடிச்சு வெச்சுக் கேப்பேன்.

தவளைச் சம்பந்தி: கேட்டுட்டு?

டேப்காரர்: வெச்சிருக்கேன். முந்நூத்திப் பன்னெண்டும் இருக்கு. "கழிவு"ன்னு பேர் போட்டு ஒரு ஓரமா. மேடம் அப்பவே தூக்கிப் போடச் சொன்னாங்க. மனசு வரல.

தவளைச் சம்பந்தி: நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும். போடுங்க, போடுங்க.

டேப்காரர்: பேப்பரை விட்டு இறங்காதீங்க மேடம், வயர். இதோ, அதே டேப்போட கழிவு. முதல்ல உஸ்ஸுன்னு வரும், அது மிஷின் சத்தம். அப்புறம் வரது என்னன்னு நீங்களே சொல்லுங்க.

டேப்: உஸ்ஸ்ஸ்ஸ்... டக் டக் டக் டக்........ டக் டக் டக் டக்........ டக் டக் டக் டக்...

பாட்டுச் சம்பந்தி: அவன்தானா?

தவளைச் சம்பந்தி: அவன்தான்.

பாட்டுச் சம்பந்தி: நல்லாக் கேட்டுச் சொல்லுங்க.

தவளைச் சம்பந்தி: என் பையன் இருமலை எனக்குத் தெரியாதா? அவன்தாங்க. ஒருத்தன் இல்ல, கிட்டத்துல ஒருத்தன், கொஞ்சம் தூரத்துல ரெண்டு பேர்... அய்யய்யோ, நாலாவது ஆளும் இருக்கான். இருபத்தெட்டு வருஷம். என் பையனே அப்பப் பொறக்கல.

டேப்காரர்: இதையா தவளைங்கறீங்க? நான் மிஷின்ல பல்சக்கரம் தேஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். பழைய ரிக்கார்டரைப் பிரிச்சுப் போட்டு ரெண்டு வாரம் தேடினேனே. ஒரு பல்லும் தேயல.

தவளைச் சம்பந்தி: பல்லு தேயாது. பல்லே கிடையாது அவனுக்கு. இன்னும் இருக்கா? வேற வருஷம்?

டேப்காரர்: குளக்கரைன்னு சொன்னது மொத்தம் பதினோரு டேப். இது... முப்பத்தியொரு வருஷம் முன்னாடி.

தவளைச் சம்பந்தி: இருக்கான். கேக்குதா, இருக்கான்.

டேப்காரர்: இது இருபத்தினாலு.

தவளைச் சம்பந்தி: இருக்கான். மழை முடிஞ்ச புதுசு போல, கூட்டமா இருக்கான். சம்பந்தி, நீங்களும் கேளுங்க. ஏன் அங்கேயே நிக்கிறீங்க, இப்படிக் கிட்ட வாங்க.

பாட்டுச் சம்பந்தி: கேக்குது... நல்லாவே கேக்குது.

தவளைச் சம்பந்தி: சந்தோஷமே இல்லையே உங்க மொகத்துல.

பாட்டுச் சம்பந்தி: இருங்க. குழு ஒண்ணு கேக்கும். இந்தக் கழிவும் அந்தப் பாட்டும் ஒரே டேப்னு என்ன நிச்சயம்? உங்க தவளையை நேத்துப் பிடிச்சு இதுல ஏத்தலைன்னு யாருக்குத் தெரியும்? நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தா அதைத்தான் கேப்பேன்.

தவளைச் சம்பந்தி: நீங்க யாரு பக்கம் சம்பந்தி?

பாட்டுச் சம்பந்தி: கேள்வி பக்கம். பதில் சொல்லுங்க.

டேப்காரர்: அது ஒரு பெரிய விஷயமா? களைஞ்ச அரிசி இருக்கு, களைஞ்ச தண்ணி இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டினா பழையபடி ஆயிடும். ரெண்டையும் சேத்து ஓட விடறேன். ஒரு விரக்கடை தள்ளிப் போனாக்கூடக் காட்டிக் கொடுத்துடும். பேசாம இருங்க ரெண்டு பேரும்.

டேப்: "...துவைச்ச துணி காயலையே... டக் டக் டக் டக்... தூங்குன புள்ள எழுந்திடுச்சே... டக் டக் டக் டக்... மிச்சத் துணி யாரு கையில... டக் டக் டக் டக்... மேகம் வேற கூடிடுச்சே... டக் டக் டக் டக்..."

பாட்டுச் சம்பந்தி: திரும்பப் போடுங்க.

டேப்காரர்: மறுபடியுமா?

பாட்டுச் சம்பந்தி: முதல்லேருந்து போடுங்க.

தவளைச் சம்பந்தி: என்ன ஆச்சு சம்பந்தி? உக்காருங்க, உக்காருங்க.

பாட்டுச் சம்பந்தி: அவங்க ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தறாங்க.

தவளைச் சம்பந்தி: ஆமா.

பாட்டுச் சம்பந்தி: எதுக்கு நிறுத்தறாங்க தெரியுமா? நான் புத்தகத்துல எழுதியிருக்கேன். துக்கம். தொண்டை அடைக்குது. வாழ்க்கையில இழந்ததையெல்லாம் நெனச்சு, மேல பாட முடியாம அந்த அம்மா விம்மலை விழுங்கறாங்கன்னு எழுதியிருக்கேன். அந்த மௌனத்துக்கு மட்டும் நாப்பது பக்கம்.

டேப்காரர்: அதுக்குத்தானே மேடம் உங்களுக்கு விருது...

பாட்டுச் சம்பந்தி: வாயை மூடுங்க. விம்மலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. தவளைக்கு இடம் விட்டுப் பாடியிருக்காங்க. "துணி காயலையே"ன்னு இவங்க அலுத்துக்கறாங்க, "அப்படியா, அப்படியா"ன்னு அது கேக்குது. இது அழுகை இல்லைங்க, அரட்டை. ரெண்டு பேர் பாடின பாட்டுல ஒருத்தரைத் துடைச்சு எடுத்துட்டு, மிஞ்சினவங்க ஏன் இப்படி வாயடைச்சு நிக்கறாங்கன்னு நாப்பது பக்கம் அழுதிருக்கேன் நான்.

தவளைச் சம்பந்தி: சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

பாட்டுச் சம்பந்தி: தெரியல. ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்.

தவளைச் சம்பந்தி: இருங்க, இருங்க. அப்ப நானும் ஒண்ணு சொல்லணும். அந்த அம்மாவை எழுப்பி அனுப்பினேன்ல? அன்னைக்கு சாயங்காலம் ஒரு தவளை கத்தல. மறுநாளும் கத்தல. நாலு நாள் சத்தமே இல்ல. நான் என்ன எழுதி வெச்சேன் தெரியுமா? "நீர் கலங்கியதால்"னு எழுதி வெச்சேன்.

பாட்டுச் சம்பந்தி: கலங்கியிருந்துதா தண்ணி?

தவளைச் சம்பந்தி: கண்ணாடி மாதிரி இருந்துது. காரணம் வேற தெரியல, அதனால எழுதினேன். பக்கத்துல ஆள் சத்தம் போட்டா அவன் அடங்குவான், ஓஞ்சதும் ஆரம்பிப்பான், அது தெரியும். ஆனா ஒருத்தர் பாடி முடிக்கிற இடத்துக்குக் காத்திருந்து ஆரம்பிப்பான்னு... சம்பந்தி, இது யாரு யாருக்குக் காத்திருக்கறது? இவங்க அவனுக்கா, அவன் இவங்களுக்கா?

பாட்டுச் சம்பந்தி: அதை நான் மட்டும் சொல்ல முடியாது. நீங்க மட்டும் சொல்ல முடியாது. பதினோரு டேப்பையும் ஒண்ணா உக்காந்து கேக்கணும்.

தவளைச் சம்பந்தி: கேக்கலாம். நாளைக்கே கேக்கலாம். நான் கால் கழுவிட்டு வரேன்.

டேப்காரர்: நான் வேணா அந்தக் கல்லுகிட்ட ஒரு மைக் கட்டட்டுமா மேடம்? யாரையாவது பாட வெச்சுப் பாக்கலாமே. இப்ப இருக்கற தவளைக்கு அந்த வழக்கம் ஞாபகம் இருக்கான்னு.

தவளைச் சம்பந்தி: பாட யாரு இருக்கா?

பாட்டுச் சம்பந்தி: நான் இருக்கேன். நாலு அடிதான் தெரியும். அந்த நாலு போதும் அதுக்கு.

தவளைச் சம்பந்தி: முதல்ல குளம் இருக்கணுமே. மணி என்ன?

டேப்காரர்: மூணே கால். நான் பதினொண்ணையும் ஒரு டிஸ்க்ல ஏத்திட்டேன். பாட்டு தனி, கழிவு தனி, சேத்தது தனி. காப்பகப் பொறுப்பாளர் சான்று வேணும். இவை எங்கள் பதிவுகளேன்னு ஒரு கையெழுத்து. அது இல்லாம குழு தொட்டுக்கூடப் பாக்காது.

பாட்டுச் சம்பந்தி: பேனாவைக் கொடுங்க.

தவளைச் சம்பந்தி: இருங்க சம்பந்தி.

பாட்டுச் சம்பந்தி: இப்பத்தான் நேரமில்லன்னு குதிச்சீங்க.

தவளைச் சம்பந்தி: போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். அங்க என்ன கட்டடம் வருதுன்னு தெரியாதுன்னு சொன்னேன்ல... தெரியும். நாலு மாசமாத் தெரியும். உங்க காப்பகம்தான். ஈரமில்லாத சுவரு, டேப்புக்குக் குளிர் அறை, எல்லாம் வரைபடத்துல பார்த்தேன். அதனாலதான் கடைசி நாள் வரைக்கும் உங்க வாசலை மிதிக்கல. இந்தச் சுவரு ஒழுகறதைப் பார்த்துட்டு, எந்த வாயால உங்ககிட்ட கேப்பேன்? பிள்ளைங்க வேற நடுவுல இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்கு அந்த இடம் இல்ல. யோசிச்சுக்குங்க. போடலைன்னாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதே சம்பந்திதான்.

பாட்டுச் சம்பந்தி: யோசிக்க ஒண்ணும் இல்ல. நீங்க பாதிதான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, மீதியை நான் சொல்றேன். அந்த இடத்தைக் காட்டி, அங்க கட்டிக் கொடுங்கன்னு கேட்டதே நான்தான். குளமா குழியான்னு குழு எங்களைக் கேட்டப்ப, "முப்பது வருஷப் பதிவையும் கேட்டுவிட்டேன், ஒன்றிலும் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை, அது குழிதான்"னு மூணு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், சம்பந்தி. துடைச்சதைக் கேட்டுட்டுத் துணிஞ்சு எழுதிட்டேன். வெறும் சான்றை நீங்க கொண்டுபோய் நீட்டினா, என் பழைய கையெழுத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க... சம்பந்தி, அந்த ஸ்பீக்கரைத் தூக்குங்க. டேப்காரரே, நீங்க அந்த டிஸ்க்கை எடுங்க. குழுவுல இருக்கற அந்த அஞ்சு பேர் முன்னாடி நானே நின்னு, எழுதினது தப்புன்னு சொல்லிட்டு, பாட்டையும் தவளையையும் சேத்துப் போட்டுக் காட்டப் போறேன்.